பார்வை குறைந்துவரும் மகள் ஓவியம் வரையலாமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பென்சில் பிடிக்கத் தெரிந்த நாளிலிருந்து வரைந்துகொண்டிருக்கிறாள். சாயங்காலமானால் படியில் தடுமாறுகிறாளே என்று கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்றார்கள். பக்கவாட்டுப் பார்வை ஏற்கெனவே குறைந்திருக்கிறதாம். "இனிமேல் கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது, படம் வரைவதை விட்டுவிட்டுப் பாட்டு கற்றுக்கொள்ளட்டும்" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். அவளோ, "கண்ணே தெரியாதவங்க பெயின்டிங் பண்றாங்கம்மா" என்று என்னிடம் சண்டை போடுகிறாள். அப்படிப்பட்ட செய்திகளை நானும் படித்திருக்கிறேன். ஆனால் முழுதாக நம்ப முடியவில்லை. பார்க்காமல் எப்படி வரைகிறார்கள்? நிறம் எப்படித் தெரியும்? பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தால் அது யார் வரைந்த படம்? ஆறுதலுக்காக எதுவும் சொல்ல வேண்டாம். நடப்பதைச் சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, முதலில் வீட்டுப் பெரியவர்களின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். படம் வரைவதால் இந்த நோய் வேகமெடுக்காது. மரபணுக் கோளாறு காரணமாக விழித்திரையின் செல்கள் மெல்ல மெல்ல அழிவதுதான் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. மங்கலான வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்கள் முதலில் போகும். மாலைத் தடுமாற்றம் அதனால்தான். பிறகு ஓரங்கள் சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுப்பார்வை மட்டும் மிஞ்சும். எவ்வளவு வேகமாக, எந்த வயதில் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கண்ணைப் பயன்படுத்தினால் அது தேய்ந்துபோகும் என்று நம் வீடுகளில் ஆழமாக நம்புகிறார்கள். அடுத்த முறை போகும்போது பெரியவர்களையும் உடன் அழைத்துப் போய் விழித்திரை மருத்துவரிடமே கேட்க வையுங்கள். பாட்டு நல்ல விஷயம், கற்றுக்கொள்ளட்டும். ஓவியத்துக்கு மாற்றாக மட்டும் அதைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் மகளுக்கு இருக்கும் இதே நோயோடு வாழ்ந்து வரைந்த ஒருவர் நம் ஊரிலேயே இருந்தார். மனோகர் தேவதாஸ், மதுரையில் 1936இல் பிறந்தவர். அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டுச் சென்னையில் தொழிற்சாலை வேலை பார்த்தவர். இளமையிலேயே அவருக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று தெரிந்தது. 1972 இறுதியில் நடந்த சாலை விபத்தில் மனைவி மஹிமாவுக்குத் தோளுக்குக் கீழே உடல் செயலிழந்துபோனது. மனைவியைக் கவனித்துக்கொண்டே, ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிவந்த பார்வையோடு, பேனாவும் கறுப்பு மையும் வைத்து மதுரையையும் சென்னையையும் அவர் வரைந்தார். மதுரைக் கோபுரங்களும் தெப்பக்குளமும் பழைய கட்டடங்களும் அந்தப் படங்களில் அத்தனை நுணுக்கத்தோடு இருக்கின்றன. அவருடைய 'மல்டிப்பிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை' நூல் கிடைத்தால் உங்கள் மகளுக்கு வாங்கிக் கொடுங்கள். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார், 2022 டிசம்பரில் காலமானார்.

அந்தக் கோபுரப் படங்களைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். குறுகிய பார்வையில் ஒரு சமயத்தில் ஒரு சிறு பகுதிதான் அடங்கும். கோபுரம் முழுதாகக் கண்ணுக்குள் வராது. எனவே முழு உருவத்தின் அளவுகளை மனதில் பிடித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியாக நெருங்கி முடிக்க வேண்டும். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு என்பது குறைந்த பார்வைக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான நிற வேறுபாடு. பார்வைக்காகத்தான் அவர் அந்த ஊடகத்தைப் பிடித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது அவரை நெடுங்காலம் கைவிடவில்லை என்பது உண்மை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். படம் தீட்டும் எவருக்கும் ஒவ்வொரு நொடியும் இரண்டு கேள்விகள் இருக்கும். இது எங்கே வர வேண்டும்? என்ன நிறத்தில் வர வேண்டும்? பார்வை இருப்பவர் இரண்டுக்கும் கண்ணையே நம்புகிறார். பார்வை இல்லாதவர் இரண்டையும் பிரித்து, தனித்தனியாக வழி தேடுகிறார்.

'எங்கே' என்ற கேள்விக்குக் கை நன்றாகவே பதில் சொல்லும். துருக்கியைச் சேர்ந்த எஷ்ரெஃப் அர்மாகான் 1953இல் இஸ்தான்புல்லில் பிறவியிலேயே பார்வையின்றிப் பிறந்தவர். அவர் எழுத்தாணி போன்ற ஒரு பிரெய்ல் கருவியால் தாளில் கோடுகளை அழுத்தி வரைந்து, பள்ளமும் மேடுமாக உருவத்தை விரலால் படித்துப் பார்த்துக்கொள்வார். பிறகு விரலாலேயே வண்ணம் தடவுவார். ஒரு நிறம் காய்ந்த பிறகுதான் அடுத்த நிறம், இல்லாவிட்டால் இரண்டும் குழம்பிவிடும். எண்ணெய் வண்ணம் காய்வதற்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால் பின்னாளில் சீக்கிரம் காயும் அக்ரிலிக்குக்கு மாறினார்.

அவர் படங்களில் தூரத்து வீடு சிறிதாகவும் பக்கத்து வீடு பெரிதாகவும் இருக்கும், சாலையின் இரு ஓரங்களும் போகப்போக நெருங்கும். ஒருநாளும் பார்க்காதவருக்கு இது எப்படித் தெரிந்தது? டொரான்டோ பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் கென்னடி பல ஆண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தார். பார்வையற்றவர்கள் வரையும் படங்களைப் பற்றி 1993இல் ஒரு நூலே எழுதினார். அவர் சொல்லும் விளக்கத்தை உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நீளமான தாழ்வாரத்தின் ஒரு முனையில் மகளைக் கண்ணை மூடி நிற்கச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, பக்கத்தில் இருக்கும் இரு சுவர்களையும் சுட்டச் சொல்லுங்கள். கைகள் அகல விரியும். இப்போது அதே சுவர்கள் தாழ்வாரத்தின் மறுமுனையில் முடியும் இடங்களைச் சுட்டச் சொல்லுங்கள். கைகள் ஏறக்குறைய ஒட்டிவிடும். தூரம் போகப்போக அகலம் குறைகிறது என்பது உடம்புக்கே தெரிந்திருக்கிறது, அதைத் தாளில் இறக்குவதுதான் மிச்சம். கோடும் அப்படித்தான். ஓவியத்தில் கோடு என்பது பெரும்பாலும் ஒரு பொருளின் விளிம்பு. மேசையின் விளிம்பை விரலும் அறியும், கண்ணும் அறியும்.

கென்னடி உடனிருக்க, இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் எட்டுப்பக்கத் திருமுழுக்குக் கோயிலை அர்மாகான் வரைந்தார். தூரம் போகப்போக உருவம் சுருங்குவதைக் கணக்கிட்டு வரையும் முறையைப் பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி நிறுவிக் காட்டியது இந்தக் கட்டடத்தை வைத்துத்தான். அர்மாகான் அதன் மாதிரியைத் தடவிப் பார்த்துவிட்டு, பக்கச் சுவர்கள் பின்னோக்கிச் சரிந்து சுருங்கும்படி வரைந்தார். ஹார்வர்டு மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் அவர் வரையும்போது மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, பார்வைக்கென்று இருக்கும் பகுதி வேலை செய்துகொண்டிருந்தது. கண்ணிலிருந்து எதுவும் வராத அந்தப் பகுதி விரலிலிருந்து வருவதை எடுத்துக்கொள்கிறது.

பார்வையோடு ஓவியரான பிறகு அதை இழந்தவர்கள் வேறு மாதிரி வேலை செய்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தவர் இங்கிலாந்தின் சார்ஜி மான். பல ஆண்டுகள் பார்வை குறைந்துகொண்டே போய் 2005இல் முழுவதும் போனது. அப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். சில நாளில் பட்டறைக்குத் திரும்பிவிட்டார். சுவரில் போஸ்டர் ஒட்டப் பயன்படும் ப்ளூ-டாக் என்ற பிசினைச் சிறு உருண்டைகளாக உருட்டிக் கித்தான்மேல் ஒட்டிக்கொள்வார். நாற்காலியின் கால் இங்கே, தோள் இங்கே, ஜன்னல் விளிம்பு இங்கே என்று ஒவ்வொரு உருண்டையும் ஒரு இடக்குறி. நாற்காலியில் மனைவியை உட்கார வைத்து, கையால் தொட்டும் கோல் வைத்து அளந்தும் அந்தக் குறிகளைக் கண்டுபிடிப்பார். இடதுகை விரல் ஒரு உருண்டையில் இருக்கும், வலதுகைத் தூரிகை அங்கிருந்து அடுத்த உருண்டைக்குப் போகும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பார்வையின்றி வரையும் பலரிடமும் நீங்கள் காணக்கூடியது இது: ஒரு கை வரையும், ஒரு கை இடத்தைப் பிடித்திருக்கும். பிடித்திருக்கும் கையை எடுத்துவிட்டால் தாளில் தொலைந்துபோவார்கள். தாளின் மூலைகளும் விளிம்புகளும்தான் அவர்களுக்கு முதல் அடையாளம். அதனால் தாள் நகரவே கூடாது, நான்கு பக்கமும் ஒட்டியிருக்க வேண்டும். ஓவியம் கற்பிக்கும் எங்களில் பலர் வண்ணத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பேசுவதில்லை. ஆனால் முதல் ஆறு மாதப் பயிற்சி முழுவதும் இதுதான் என்பேன்.

நிறத்துக்கு வருவோம். நிறம் விரலுக்குத் தெரியாது. தடவிப் பார்த்தே சிவப்பு எது, பச்சை எது என்று சொல்லிவிடுவார்கள் என்று யாராவது அதிசயமாகச் சொன்னால் நம்பாதீர்கள். விரலுக்குத் தெரிவது வண்ணக் குழம்பின் கனமும் வழுவழுப்பும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வாழும் ஜான் பிராம்ப்ளிட் இதைத்தான் தன் முறையாக்கினார். வலிப்பு நோயின் விளைவாக 2001இல் பார்வை போன பிறகுதான் அவர் ஓவியரானார். துணியில் வரையும், காய்ந்ததும் மேடாக நிற்கும் வண்ணத்தால் முதலில் கோட்டுருவத்தைப் போட்டுவிடுவார். எண்ணெய் வண்ணங்களில் வெள்ளை கெட்டியாகப் பற்பசை போல இருக்கும், கறுப்பு இளக்கமாக வழுக்கும் என்று கண்டுகொண்டு, மற்ற நிறங்களிலும் கலவை எண்ணெய்களைச் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பதம் கொடுத்துக்கொண்டார். பச்சையும் மஞ்சளும் சேர்த்தால் என்ன பதம் வரும் என்பது அவர் விரலுக்குப் பழக்கம். நிறத்தைத் தொடவில்லை, நிறத்துக்குத் தானே வைத்த அடையாளத்தைத் தொடுகிறார்.

இன்னொரு வழி ஒழுங்கு. ஃபிரான்சின் ஓவியர் க்ளோட் மோனேவுக்கு 1912இல் கண்புரை இருப்பது தெரிந்தது. அறுவைக்கு அஞ்சி 1923 வரை தள்ளிப்போட்டார். அந்த இடைக்காலத்தில், வண்ணக் குழாயின்மேல் அச்சிட்டிருக்கும் பெயரை நம்பியும் வண்ணப்பலகையில் ஒவ்வொரு நிறத்தையும் எப்போதும் ஒரே இடத்தில் வைத்தும் தீட்டினார். புரை மூடிய கண் நீலத்தை வடிகட்டிவிடும். அக்காலத்து ஜப்பானியப் பாலம் வரிசைப் படங்களில் செம்பழுப்பும் மஞ்சளும் கொழுந்துவிடுவதைப் பார்க்கலாம்.

மூன்றாவது வழி நினைவு. சார்ஜி மான் பார்வை போன பிறகு முதல்முறை தூரிகையில் அல்ட்ராமரின் நீலத்தை எடுத்துக் கித்தானில் வைத்தபோது, கித்தான் நீலமாவதைத் தான் 'பார்த்ததாக' எழுதியிருக்கிறார். ஐம்பது ஆண்டு நிறத்தோடு பழகிய மூளை அதைத் தானே உண்டாக்கிக்கொண்டது. உங்கள் மகளுக்கு இது மிக முக்கியமான செய்தி. இன்று அவள் கலந்து பார்க்கும் ஒவ்வொரு பச்சையும் நாளைக்கு அவளிடம் இருக்கும். வயலின் பச்சைக்கு எத்தனை மஞ்சள், காவிரிக்கரை மாலைக்கு எந்த ஊதா என்பதை இப்போதே கலந்து, அளவைச் சொல்லிச் சொல்லிப் பழகட்டும். சொட்டுக் கணக்கில் பழகினால் இன்னும் நல்லது.

யார் வரைந்த படம் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி, கலையுலகமே இதில் ஒருமுறை சச்சரவிட்டிருக்கிறது. அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃபுக்கு முதுமையில் மாக்குலர் டிஜெனரேஷன் வந்து நடுப்பார்வை போனது, ஓரம் மட்டும் மிஞ்சியது. உங்கள் மகளின் நிலைக்கு நேர்மாறு. 1972க்குப் பிறகு உதவியின்றி எண்ணெய் வண்ணம் தீட்டுவதை அவர் விட்டுவிட்டார். களிமண்ணில் பானைகள் வனைந்தார். பின்னர் சில படங்களை உதவியாளர் ஒருவர் அவர் சொல்லச் சொல்லத் தூரிகை பிடித்துத் தீட்டினார். பிற்பாடு அந்த உதவியாளர் தன் பங்கை வெளியே சொன்னபோது, அவை யாருடைய படங்கள் என்ற விவாதம் எழுந்தது. என் கருத்தைக் கேட்டால், தூரிகையே இன்னொருவர் கையில் இருந்தால் அவர் பெயரும் படத்தோடு இருக்க வேண்டும். அதில் ஓவியருக்குக் குறைவு ஒன்றும் இல்லை.

ஓவியர் வினோத பிஹாரி முகர்ஜியின் கதை வேறு. வங்கத்தில் 1904இல் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கண் தெரியாது, மறு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. சாந்திநிகேதன் கலாபவனத்தில் நந்தலால் போஸிடம் படித்து அங்கேயே ஆசிரியரானார். அந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு 1946–47இல் ஹிந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்கால பக்தி அடியார்களின் வாழ்வைப் பெரும் சுவரோவியமாகத் தீட்டினார். ஈரச் சாந்தில் தீட்டும் முறை அது. அன்றன்று பூசிய சாந்து காய்வதற்குள் அந்தப் பகுதியை முடித்தாக வேண்டும், திருத்த வழியில்லை. முழு அளவு முன்வரைவு இல்லாமல் நேரே சுவரில் தீட்டினார். கபீர், துளசிதாசரோடு, பார்வையற்ற கவிஞரான சூர்தாசரும் அந்தச் சுவரில் இருக்கிறார்.

1950களில் ஓர் அறுவைச் சிகிச்சை பலிக்காமல் முழுப் பார்வையும் போனது. அதன்பின் நிறத்தாள்களை வெட்டியும் ஒட்டியும் படங்கள் செய்தார், கோட்டுச் சித்திரம் வரைந்தார், மெழுகில் சிறு உருவங்கள் பிடித்தார், கலை வரலாறு கற்பித்தார். 1972இல் கலாபவனத்தின் சுவரில் பீங்கான் ஓடுகளால் ஒரு பெரிய படைப்பைச் செய்து முடித்தார். அவரிடம் படித்த சத்யஜித் ராய் அதே ஆண்டில் அவரைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்ற ஆவணப்படம் எடுத்தார். இன்னொரு மாணவரான கே.ஜி. சுப்ரமணியன், கேரளத்தில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஆசிரியரின் தன்வரலாற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

அந்தத் தாள் படங்களுக்கு எந்தத் தாள் எந்த நிறம் என்று யாராவது சொல்லியாக வேண்டும். ஓடுகளைச் சுவரில் பதிக்க மாணவர்களின் கைகள் வேண்டும். ஆனால் உருவம் எந்த வளைவில் திரும்ப வேண்டும், மஞ்சளுக்குப் பக்கத்தில் எது வர வேண்டும் என்ற தீர்மானம் ஒவ்வொன்றும் அவருடையது. கத்தரியும் அவர் கையில். எனவே அது அவருடைய படம், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தாள் படங்கள் ஹிந்தி பவனச் சுவர் போல இல்லை. சிக்கனமான, பளிச்சென்ற, வேறொரு கலை அது. பார்வை குறைந்தால் படம் மாறும். முன்பு போலவே வரையலாம் என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள், அது பொய்.

பக்கத்தில் உட்காரப்போவது அநேகமாக நீங்கள்தான் என்பதால், உதவி செய்யும் விதத்தையும் சொல்கிறேன். "அழகா இருக்கு", "அங்க கொஞ்சம் சரியில்ல" என்பவை அவளுக்குப் பயன்படாது. "மேல் வலது மூலையிலிருந்து மூன்று விரல் கீழே நீலம் முடிகிறது, அதற்கு அடியில் வெள்ளைத் தாள் தெரிகிறது" என்று இருப்பதை மட்டும் சொல்லுங்கள். அதை என்ன செய்வதென்று அவள் முடிவெடுப்பாள். அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டாதீர்கள். உங்கள் கையை வையுங்கள், அவள் அதைத் தொட்டு இடத்தைக் கண்டுகொள்ளட்டும்.

இப்போதே செய்ய வேண்டியவை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் குறைபார்வையாளர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. அங்கே அழைத்துப் போய், "இவள் படம் வரைவாள்" என்று சொல்லியே உருப்பெருக்கியும் விளக்கும் பரிந்துரைக்கக் கேளுங்கள். படிப்பதற்கான ஏற்பாடும் வரைவதற்கான ஏற்பாடும் ஒன்றல்ல. வெளிச்சம் பின்னாலிருந்து தோளுக்கு மேலாகத் தாளில் விழட்டும், கண்ணில் கூசக் கூடாது. பெரிய சார்ட்டில் வரைந்தால் வசதி என்று தோன்றும். சுருங்கிய பார்வைக்கு அது நேர் எதிர்: சிறிய தாளாக இருந்தால் முழுப் படமும் பார்வைக்குள் அடங்கும். பெரிதாக வரைந்தே தீருவேன் என்றால், அவ்வப்போது எழுந்து பின்னால் தள்ளி நின்று பார்க்கட்டும்.

நல்ல பார்வை இருக்கும்போதே, விரலால் தொட்டறியும் கோடு வரையவும் பழக வேண்டும். ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலைக் கம்பியை ஓர் அட்டையில் இழுத்து ஒட்டி, ஓரத்தில் கை கிழியாமல் டேப் சுற்றுங்கள். அதன்மேல் தாளை வைத்து மெழுகு கிரேயானால் அழுத்தி வரைந்தால் கோடு சொரசொரவென்று விரலுக்குத் தெரியும். செலவு மிகக் குறைவு. வரைந்ததைக் கண்ணை மூடித் தடவி, எங்கே வளைவு தவறியது என்று கண்டுபிடிப்பதுதான் பயிற்சி. உங்கள் பக்கம் இன்னொரு வசதியும் உண்டு. தஞ்சாவூர் ஓவியம் செய்யும் இடத்துக்குக் கூட்டிப்போய், தங்க ரேக்கு ஒட்டுவதற்கு முன் சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் குழைத்து நகைகளையும் தூண்களையும் மேடாக எழுப்பியிருக்கும் பலகையை, கேட்டு அனுமதி வாங்கித் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வேலையை அவள் கற்றுக்கொள்ள விரும்பினால் இன்னும் சந்தோஷம்.

கடைசியாக வண்ணப் பெட்டி. மூடிகளில் ரப்பர் பேண்டு போடுங்கள்: சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு இரண்டு, நீலத்துக்கு மூன்று என்பது போல. எதற்கு எத்தனை, எது எந்த வரிசையில் என்பதை அவளே தீர்மானிக்கட்டும். வீடு கூட்டும்போதும் விருந்தினர் வரும்போதும் அந்தப் பெட்டியை யாரும் எடுத்து அடுக்கிவைக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.